எலித் தலையில் சந்தனம்

29.9.2003
கடைசி எலிக்கும் இன்று மூளையில் கார்பன் இழை பதித்தோம். கம்பி மாட்டும் சாக்கெட் தலைமேல் ஒட்டியாயிற்று. விழித்திருக்கும் எலியின் மூளைக்குள் டோபமின் என்ற ரசாயனம் ஒரு நொடியில் ஏறி இறங்குவதை அளக்க வேண்டும். இவற்றுக்குப் பிறகு வேறு எலிகளுக்கு அனுமதி இல்லை. ஆய்வு மாணவி ரம்யாஸ்ரீயின் முனைவர் பட்டம் இவற்றை நம்பித்தான். இழை செய்தவன் நான், இந்த ஆய்வகத்தின் ஒப்பந்த ஊழியன். ஓய்வுபெற்ற வேதியியல் வாத்தியாரின் கை - நடுங்காமல் இருந்ததா?

4.10.2003
ஆயுதபூஜை. கருவிகளுக்குப் பொட்டு வைத்தோம். பொரி தின்றோம். இன்று எதையும் இயக்கவில்லை.

7.10.2003
மணி அடித்துச் சர்க்கரை கொடுக்கும் சோதனை. மணி அடித்ததும், சர்க்கரை விழுமுன்பே, திரையில் உயரமான மேடு. எல்லா எலிகளிலும்.
"டோபமின் சார். பாத்தீங்களா?" என்றாள் ரம்யாஸ்ரீ.
பார்த்தேன். டோபமினுக்கு உரிய மின்னழுத்தத்தில் மேடு உட்காரவில்லை. சற்றுத் தள்ளி நிற்கிறது. வேறு ஏதோவாக இருக்கலாம். என் கண்ணாடி பழசு. நாளை சொல்லலாம்.

8.10.2003
சொல்லவில்லை.

15.10.2003
வண்டியூர்ப் பக்கம் நல்ல மழை. பஸ் தாமதம்.
மணி கேட்டால் எலி தலையைத் திருப்புகிறது. மேடு அதனாலா?
"என்ன சார், ஒரு மாதிரி இருக்கீங்க?"
"ஒண்ணுமில்லம்மா."
அவள் அவ்வளவு சந்தோஷமாக இருக்கும்போது எப்படி - வேண்டாம். கோழை. கோழைதான் நான்.

22.10.2003
அளவீடு முடிந்தது. எலிகளைக் கொன்று மூளைகளை ஃபார்மலினில் போட்டோம். சாக்கெட்டுகளைக் கழுவ எடுத்தேன். ஊசிகளுக்கு இடையில் மஞ்சளாக ஏதோ அப்பியிருந்தது. எலிகளைப் பராமரிக்கும் தவசியைக் கேட்டேன்.
"பூசையன்னைக்கு வச்ச சந்தனம் சார். மெசினுக்கெல்லாம் வச்சீக. இதுகளுந்தான பாவம் உழைக்குது."
"எந்த எலிக்கு?"
"எல்லாத்துக்கும்தான். ஒண்ணுக்கு வச்சு ஒண்ணுக்கு விடலாமா?"
மழைக்கால ஈரத்தில் சந்தனம் வழியாக மின்சாரம் கசிந்திருக்கிறது. தலை அசைந்தபோதெல்லாம் கசிவு கூடித் திரையில் மேடாகியிருக்கிறது. டோபமின் இல்லை. எதுவுமே இல்லை.
ஏழாம் தேதியே வாயைத் திறந்திருந்தால் துடைத்துவிட்டு மறுபடி அளந்திருக்கலாம். அப்போது எலிகள் உயிரோடு இருந்தன.

23.10.2003
ரம்யாஸ்ரீயிடம் சந்தனத்தைக் காட்டினேன். நகத்தால் சுரண்டிப் பார்த்தாள்.
"முன்னாடியே ஏதும் தெரியலையா சார்?"
"தெரியலம்மா" என்றேன்.

2.1.2004
ரம்யாஸ்ரீ ஆய்வை விட்டுவிட்டாள். சமயநல்லூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலையாம். விடைபெற வந்தாள். "நீங்க மட்டும் பாக்கலேன்னா தப்பான ரிசல்ட்டோட வெளிய போயிருப்பேன் சார்" என்று கும்பிட்டாள்.
தவசியை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.
பிழையைக் கண்டுபிடித்ததற்காக எனக்கு ஓராண்டு பணி நீட்டிப்பு. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.