பிளாக் இல்லை என்றார்கள்

என்னங்க,

அலமாரிக்குப் பின்னால் கிடந்த உங்கள் தண்ணீர் பாட்டில் இன்று கையில் அகப்பட்டது. குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தேன். பாட்டிலில் நம் மகள் நகப்பூச்சால் போட்ட சிவப்புக் கோடு அப்படியே இருக்கிறது. ஒரு நாளைக்கு அந்தக் கோடுவரைதான் உங்களுக்குத் தண்ணீர். மோரோ காபியோ குடித்தால் அந்த அளவு பாட்டிலில் குறைத்துக்கொள்ள வேண்டும். நெய்வேலி வெயிலில் இது என்ன தண்டனை என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் புலம்புவீர்கள்.

கால் வீங்கி மூச்சு வாங்குகிறது என்று இதயத்துக்கு ஆஞ்சியோ எடுத்த அன்று டாக்டரம்மா "பிளாக் எதுவும் இல்லை" என்றதும் நான் தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். நீங்கள் கட்டிலில் படுத்தபடியே காடாம்புலியூரில் இருக்கும் உங்கள் அம்மாவுக்குப் போன் போட்டு, "பிளாக் இல்லியாம்மா" என்றீர்கள். ஸ்பீக்கரில் அத்தையின் குரல் வார்டு முழுக்கக் கேட்டது.

"அய்யோ, பிளாக் இல்லியா? வூட்ட காலி பண்ணச் சொல்லிட்டாங்களா? பொண்டாட்டிய கூட்டிகினு எங்கடா போவ?"

டவுன்ஷிப்பில் பிளாக் என்றால் வீடு இருக்கிற இடம்தானே, அவர் பயந்ததில் என்ன தப்பு. நீங்கள் சிரித்த சிரிப்பில் நர்ஸ் வந்து அதட்டிவிட்டுப் போனார். பார்க்க வந்த ஷிப்ட் நண்பர்கள் ஒருவர் விடாமல் அந்தக் கதையைக் கேட்டார்கள். எல்லோரும் உங்கள் கையைக் குலுக்கி, "அப்புறம் என்ன, பிளாக் இல்லையே" என்றார்கள். நாமும் அப்படித்தான் நினைத்தோம்.

அடுத்த முறை போனபோதுதான் டாக்டரம்மா ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். அடைப்பு இருந்தால் திறந்துவிட வழி இருக்கும், இங்கே இதயத்தின் தசையே தளர்ந்துபோயிருக்கிறது, அதனால் பம்பிங் குறைந்துவிட்டது என்றார். முதலில் மாத்திரைகள். சில இதயத்தின் சுமையைக் குறைக்கும், சில உடம்பில் தேங்கும் நீரை வெளியேற்றும். சில மாதம் கழித்தும் பம்பிங் ஏறாவிட்டால் தோள்பட்டைக்குக் கீழே ஒரு சின்னப் பெட்டி வைக்கலாம். மாற்று இதயம் பற்றி இப்போது பேச வேண்டாம் என்றார்.

"பெட்டி வச்சா இதயம் பலமாயிடுமா மேடம்?" என்று கேட்டேன்.

"இல்லம்மா. பலத்துக்கு மாத்திரைதான். துடிப்பு திடீர்னு தாறுமாறாப் போனா ஷாக் கொடுத்து சரிப்படுத்தறதுக்குப் பெட்டி. கூடவே ஒரு காவல் இருக்கிற மாதிரின்னு வச்சுக்கங்க."

மாத்திரையில் கால் வீக்கம் வடிந்தது, பம்பிங் ஏறவில்லை. பெட்டிக்கு நீங்கள் பிடி கொடுக்கவே இல்லை. ஆபரேஷனுக்குப் பயம் என்று நினைத்து ஒரு வாரம் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. பெட்டி வைத்தால் பெரிய மோட்டார்களுக்கு அருகில் வேலை செய்ய விடமாட்டார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். மருத்துவ விடுப்பில் இருந்தபோதும் மைன்ஸில் உங்கள் மண்வெட்டும் மிஷினுக்கே திரும்பிவிடுவதாகத்தான் நீங்கள் கனவு கண்டுகொண்டிருந்தீர்கள்.

"ஆபீஸ்ல ஒக்காந்துகினு ஃபைல் தூக்கச் சொல்லுவாங்க. அதுக்கா இத்தினி வருஷம் மிஷின்ல கெடந்தேன்?"

"மிஷினுக்கு வேற ஆள் வந்துடுவாங்க. எனக்கு யார் வருவாங்க?" என்றேன். அன்று முழுக்க இருவரும் பேசவில்லை.

ஆனால் சாயங்காலக் காபிக்கு மட்டும் வந்து உட்கார்ந்தீர்கள். அதை நீங்கள் விட்டதே இல்லை. மத்தியானத்துக்குப் பிறகு பாட்டிலைத் தொடமாட்டீர்கள். உதடு காய்ந்து வெடித்திருக்கும். ஒரு வாய் குடியுங்களேன் என்றால், "வேணாம், காப்பிக்கு இருக்கட்டும்" என்பீர்கள். பகல் ஜெனரல் ஷிப்ட் முடிந்து வரும் பஸ் தெருமுனையில் ஆட்களை இறக்கிவிடும் சத்தம் கேட்டதும் நான் இரண்டு டம்ளருடன் வருவேன். என்னோடு உட்கார்ந்து குடிக்கிற அரை டம்ளருக்காகத்தான் பாதிப் பகலைத் தாகத்தில் கழித்தீர்கள்.

அப்படி ஒரு சாயங்காலம் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "வச்சிக்கலாம்" என்றீர்கள்.

"எதை?"

"அந்தப் பொட்டியத்தான். ஃபைலே தூக்கிக்கினு போறேன், போ."

நான் சமையலறைக்குள் போய் அழுதேன். சந்தோஷத்தில் அழுததுதான். மறுநாளே டாக்டரம்மாவிடம் தேதி வாங்கினோம். அந்தத் தேதி வருவதற்குள் ஒரு காலை, வாஷ்பேசின் முன்னால் பல் துலக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தீர்கள். ஆம்புலன்ஸ் வந்தபோது நீங்கள் இல்லை. முன்பே வைத்திருந்தால் என்று யோசிக்காதீர்கள் என்றார் டாக்டரம்மா. எப்படி யோசிக்காமல் இருப்பது? எனக்கு இன்னும் உங்கள் மேல் கோபம் இருக்கிறது. அந்த மிஷின் மேலும்தான்.

சாமான் கட்ட அத்தை நேற்று வந்தார். காலியான கூடத்தைப் பார்த்துக்கொண்டே நின்றவர், "அன்னிக்கு நான் வாய வச்சது இப்பிடி ஆயிடுச்சேம்மா" என்று அழுதார். நீங்கள் அதைச் சொல்லிச் சொல்லி எவ்வளவு சிரித்தீர்கள் என்று அவருக்கு நினைவுபடுத்தினேன். சிரிக்க முயன்றோம், இருவருக்கும் வரவில்லை.

பாட்டிலைப் பெட்டியில் கட்டவில்லை, என் கைப்பையில் வைத்துக்கொண்டேன். ஒன்று சொல்ல வேண்டும், திட்டாதீர்கள். நீங்கள் போனதிலிருந்து மத்தியானத்துக்குப் பிறகு நானும் தண்ணீர் குடிப்பதில்லை. பஸ் சத்தம் கேட்டதும் காபி போடுகிறேன். தொண்டை வறண்டிருந்தால்தான் அது நாம் குடித்த காபியாக இருக்கிறது. நாளை வடலூரில் மகள் வீட்டுக்குப் போகிறேன். அந்தத் தெருவுக்கு ஷிப்ட் பஸ் வராது. எப்போது காபி போடுவது என்பதைத் தாகத்தை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.