யார் பேரில் வரும் பணம்

4.10, சனி
காலையில் தூறல். கடைக்குப் போய் வந்ததில் செருப்பில் அரைக் கிலோ கரிசல் மண். காலாண்டு லீவு நாளையோடு சரி. வேதியியல் இன்னும் தொடவில்லை.

அம்மா விற்கும் கானப்பொடிக்கு (வெளியூரில் கொள்ளுப்பொடி என்பார்கள்) வெப்சைட் முக்கால்வாசி ஆயிற்று. எல்லாம் போனிலேயே. பணம் வாங்கும் வழிதான் பாக்கி. இதுவரை அப்பா போனின் QR படத்தை அனுப்பினோம். அப்பா லாரியில் இருப்பார், பணம் வந்ததா என்று பார்க்க மாட்டார். போன வாரம் ஒருத்தி முன்பு பணம் கட்டிய பழைய ஸ்கிரீன்ஷாட்டையே மறுபடி அனுப்பிப் பொடி வாங்கிவிட்டாள்.

வெப்சைட்டில் பணம் வாங்கித் தரும் மூன்று கம்பெனிகளைப் பற்றிப் படித்தேன்.
அ: நூற்றுக்கு இரண்டு ரூபாய் பிடிப்பு. தனி ஆளுக்கும் தருவார்கள். சேமிப்புக் கணக்கு போதும்.
ஆ: பிடிப்பு குறைவு. கடை, நடப்புக் கணக்கு, ஜி.எஸ்.டி. வேண்டும்.
இ: முதலிலேயே கட்டணம். வேண்டாம்.

அ-தான். அம்மா கானம் வறுத்துக்கொண்டே கேட்டாள். "யார் பேர்லட்டி வரும்?"
"ஒம் பேர்லதாம்மா."
கரண்டி நின்றது. "வாங்குதவியளுக்கு என் பேரு தெரியுமா?"
தெரியும் என்றேன். கொஞ்சம் கானம் கருகிவிட்டது. திட்டவில்லை.

5.10, ஞாயிறு
வெயில். பொருளைத் திருப்பித் தந்தால் என்ன செய்வோம் என்று ஒரு பக்கம் எழுதச் சொல்கிறது கம்பெனி. வாசித்துக் காட்டினேன். "தின்னு பாத்துட்டுத் திருப்பி அனுப்புவாளுவளோ?" என்றாள் அம்மா.

6.10, திங்கள்
பள்ளி. மாலையில் அ கம்பெனிக்கு விண்ணப்பம். பான் கார்டு சரி. போட்டோ சரி (அம்மா தலை சீவி, பொட்டு மாற்றி). கடைசியில் அம்மாவின் வங்கிக் கணக்கோடு சேர்த்த போன் நம்பருக்கு ஓ.டி.பி. அது அப்பாவின் நம்பர். கணக்கு தொடங்கியபோது அம்மாவுக்குப் போன் கிடையாது. பக்கத்து பெஞ்ச் மாரியின் அம்மாவுக்கும் அப்படித்தானாம்.

அப்பாவுக்குப் போன். தூத்துக்குடியில் உப்பு லோடு.
"ஓ.டி.பி.ய யார்ட்டயும் சொல்லக் கூடாதுன்னு பேங்க்காரனே சொல்லுதான்."
"அம்மாகிட்டயுமாப்பா?"
வைத்துவிட்டார்.

8.10, புதன்
அப்பா வந்தார், பெரியப்பாவோடு. பெரியப்பாவுக்குப் பஜாரில் பலசரக்குக் கடை. நான் எழுதி வைத்ததை வாங்கிப் படித்தார்.
"ஆ-தாம்லே லாபம். நம்ம கடைக்கு எல்லாம் இருக்கு. பிடிப்பும் கொறவு. பிள்ள என்னமா எழுதி வச்சிருக்கா."
நான்: "அம்மா பேர்ல வராதே பெரியப்பா."
அப்பா: "எல்லாம் ஒரே வீட்டுப் பணம்தானட்டி."
ஆ-வை எழுதாமலே விட்டிருக்கலாம். நேர்மையாக எழுதினேன்.
"நீ சொல்லும்மா" என்றேன்.
"டம்ளர எடு" என்றாள்.

11.10, சனி
மேகம் மட்டும். ஆ கம்பெனி சம்மதித்துவிட்டது. பணம் கட்டும் பக்கத்தில் பெரியப்பா கடைப் பெயர், கொட்டை எழுத்தில். முதல் ஆர்டர் சென்னையிலிருந்து ஒரு அக்கா.

16.10, வியாழன்
அப்பாவும் பெரியப்பாவும் வீட்டில். அந்தச் சென்னை அக்காவிடமிருந்து பெரியப்பாவுக்குப் போன். ஸ்பீக்கரில் போட்டார்.
"அண்ணாச்சி, பொடி பிரமாதம். யார் செய்றாங்க?"
"நம்ம தயாரிப்புதாம்மா. தலமுறையா."
அம்மா உள்ளே மெஷினில் பாக்கெட் ஒட்டிக்கொண்டிருந்தாள். மெஷின் சத்தம் நின்றது.

பெரியப்பா உள்ளே எட்டிப் பார்த்தார். "தீவாளிக்கு முப்பது பாக்கெட் கேக்காவ. நாளைக்கே வேணும்."
"கானம் தீந்துபோச்சு" என்றாள் அம்மா.
"நம்ம கடையில கெடக்கே. அனுப்புதேன்."
"கட கானம் ஆவாது. ஒரே கல்லு. இடைசெவல்லருந்து கானம் வரட்டும், பாப்பம்."
"எப்ப வரும்?"
"வரும்போது வரும்."

பெரியப்பா அப்பாவைப் பார்த்தார். அப்பா என்னைப் பார்த்தார். பின்கட்டில் இடைசெவல் கானம் அரை மூட்டை, நான் காலையில்தான் அதன்மேல் உட்கார்ந்து வேதியியல் படித்தேன்.

போனை எடுத்து வெப்சைட்டில் மாற்றினேன்: இருப்பு இல்லை.