பூண்டு நுழையாத வீடு

ஜூன் 11, திங்கள்
வெயில். மோட்டார் ரிப்பேர், குடத்தில் தண்ணீர்.
பாப்பாவின் ரிப்போர்ட் வந்துவிட்டது. ரத்தம் வெளிநாடு போய் மூன்று மாதம். செலினோபுரோட்டீன்-என். தசைக்கு வேண்டிய புரதம், இவளுக்குச் சரியாக உருவாகவில்லை. ஐந்து வயதிலும் படுத்தால் தலை தூக்க முடியாதது அதனால்தான். முதுகு விறைப்பதும். போகப்போக மூச்சும் திணறலாமாம். மருந்து இல்லை என்றார் சென்னை டாக்டர்.
பரணிலிருந்து பி.எஸ்ஸி. பயோகெமிஸ்ட்ரி நோட்டை எடுத்தேன். செலினியம் பற்றி ஒரே வரி. பக்கத்தில் என் கையெழுத்து: பரீட்சைக்கு வராது.

ஜூன் 14
செலினியம் மாத்திரை வாங்கினேன். பெரியவர்களுக்கானது. தேனில் குழைத்துக் காலை ஒன்று, மாலை ஒன்று. புரதத்தின் பெயரிலேயே செலினியம். குறைவதைக் கொடுத்தால் ஆயிற்று. இவரிடம் சொல்லவில்லை, அத்தையிடமும்.

ஜூலை 2
தலையைக் கொஞ்சம் தூக்கினாள். தூக்கின மாதிரி இருந்தது. மாத்திரை நாளுக்கு மூன்று.

ஜூலை 19
தூறல். மாவு புளித்துவிட்டது.
அத்தை பாப்பாவின் வாயருகே மோந்து பார்த்தாள். பூண்டு வாடை. இவர் மலைக்கோயில் மடப்பள்ளியில் சமைப்பவர். இந்த வீட்டுக்குள் பூண்டு வராது. பழி எதிர்வீட்டு லட்சுமி மேல். அம்மையார்குப்பத்து நெசவுக்காரர் வீட்டுப் பெண், தினமும் பாப்பாவை மடியில் வைத்துச் சோறூட்டுபவள். அத்தை வாசலில் நின்று கேட்டேவிட்டாள்.
லட்சுமி என்னைப் பார்த்துச் சொன்னாள்: "பூண்டு தொட்ட கைய கழுவாம கொழந்தைய தொடுவனா? நீயே சொல்லுக்கா."
அரிசி களைந்துகொண்டிருந்தேன். களைந்துகொண்டே இருந்தேன்.
மதியம் நோட்டைத் திறந்தேன். அந்த ஒரே வரியின் பின்பாதி: மிகுந்தால் நஞ்சு, மூச்சில் பூண்டு வாடை. முன்பாதியை மட்டும் படித்திருக்கிறேன். மீதி மாத்திரை சாக்கடையில்.

ஜூலை 20
சீப்பு நிறைய பாப்பாவின் முடி. ஆடிக் கிருத்திகைக்கு மொட்டை வேண்டுதல் இருக்கிறது. முருகன் முன்னாடியே எடுத்துக்கினு போறான் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள் அத்தை.

ஜூலை 23
சென்னை. ரயிலில் போகும்போது முழுக்கத் தூங்கினாள்.
டாக்டரிடம் எல்லாம் சொன்னேன். திட்டவில்லை. "செலினியம் இவ ஒடம்புல தேவைக்கு இருக்குதும்மா. அத எங்க வைக்கணும்னு சொல்ற குறிப்புதான் மாறிப்போச்சு."
பேப்பரில் வரைந்து காட்டினார். யுஜிஏ, மரபணுக் குறிப்பில் மூன்றெழுத்து. புரதம் கட்டும்போது அந்த மூன்றெழுத்து வந்தால் 'நிறுத்து' என்று பொருள். செலினியப் புரதத்துக்கு மட்டும் குறிப்பு இழையின் கடைசியில் ஒரு மடிப்பு: நிற்காதே, இங்கே செலினியம் வை. பாப்பாவின் மடிப்பில் ஓரெழுத்து மாற்றம். பாதியில் நின்றுவிடுகிறது. எவ்வளவு கொட்டினாலும்.
அந்த எழுத்து என்னிடம் ஒரு பிரதி, இவரிடம் ஒரு பிரதி. அத்தை மகனைக் கட்டியது.
வாடை போய்விடும், முடி வளரும். அவ்வளவுதான் சரியாகும்.

ஜூலை 24
பால், விளக்குத் திரி, பாப்பாவுக்குக் கழுத்துப் பட்டை அளவு.
அத்தையிடம் காலையில் சொல்லிவிட்டேன். எழுந்து உள்ளே போய்விட்டாள்.
பிறகு லட்சுமி வீடு. வாடைக்குக் காரணம் நான் கொடுத்த மாத்திரை என்றேன். தறியை நிறுத்தினாள். அன்றைக்கே சொல்லியிருக்கலாமே என்று கேட்பாள் என நினைத்தேன்.
"அது போவுதுக்கா. கொழந்த நல்லாயிடுமா?"
"ஆவாது."
வாய்விட்டுச் சொன்னது முதல் தடவை. லட்சுமி கையைக் கழுவிக்கொண்டு வந்து, முந்தானையில் துடைத்து, பாப்பாவை வாங்கிக்கொண்டாள். தலைக்குக் கீழே கையைக் கொடுத்து.