கோல்ட் ஸ்டோரேஜில் ஒத்திகை பார்த்த மலை

இன்று வெள்ளிக்கிழமை, விடுமுறை. அலமாரியின் மேல்தட்டிலிருந்து இரண்டு ஜாக்கெட்டுகளையும் இறக்கிக் கட்டிலில் விரித்துப் போட்டேன். இறகு அடைத்த அந்தத் தடித்த ஜாக்கெட்டுகள்தாம்; ஆரஞ்சு நிறம் உம்முடையது, சாம்பல் என்னுடையது. ஏசி ஓடிக்கொண்டிருந்தும் அறை முழுக்க ஒரு வாசனை கிளம்பியது. ஈரம் ஊறிய அட்டைப்பெட்டி, உறைந்த கோழி, ஃபோர்க்லிஃப்ட் டயரின் ரப்பர். இமயமலைக்கென்று வாங்கிய உடுப்பு. மலையின் வாசனை அதில் துளிகூட இல்லை. இங்கே சவூதியின் தம்மாமில் இருக்கும் ஒரு கோல்ட் ஸ்டோரேஜின் வாசனைதான் இத்தனை நாள் கழித்தும் போகாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஜாக்கெட்டுகளை இறக்கியதற்குக் காரணம் உண்டு. காட்மாண்டுவிலிருந்து நம் கைடு செய்தி அனுப்பியிருக்கிறார். நாம் இந்த ஈத்துக்கும் வராததால், அக்டோபரில் மேரா சிகரத்துக்குப் போகும் குழுவுக்கு நம் இரண்டு இடத்தையும் மாற்றி வைத்திருக்கிறாராம். இரண்டு பேரா, ஒருவரா, அல்லது ரத்து செய்துவிடலாமா என்று கேட்கிறார். ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். நீர் இல்லை என்பதை அவருக்கு நான் இன்னும் தெரிவிக்கவில்லை. அந்த வரியை எழுதுவது கஷ்டம் இல்லை. அதை எழுதினால் அடுத்த வரியில் நான் வருகிறேனா இல்லையா என்று எழுதியாக வேண்டும்.

கும்பகோணத்துக்காரனான நான் வாழ்நாளில் யாரையும் ‘நீர்’ என்று அழைத்ததில்லை. பாளையங்கோட்டைக்காரரான உம்மோடு ஒரே கம்பெனியில் வேலை பார்த்து, பக்கத்து ஊரான அல் கோபாரில் ஒரே கட்டடத்தில் மேலும் கீழுமாகக் குடியிருந்து, இந்த ‘நீர்’ எனக்கும் தொற்றிக்கொண்டது. உமக்கு எழுத உட்கார்ந்தால் வேறு சொல் வருவதில்லை.

கோல்ட் ஸ்டோரேஜ் யோசனை என்னுடையது. இதை எங்காவது பதிவு செய்ய வேண்டும் என்று எனக்கு ஆத்திரம். உமக்காக இங்கே தமிழர்கள் கூடி நடத்திய இரங்கல் கூட்டத்தில் எல்லோரும் அதை உம்முடைய துணிச்சலுக்கு உதாரணமாகச் சொன்னார்கள். கிறுக்குத்தனமான எதுவும் உம் தலையிலிருந்துதான் வந்திருக்கும் என்று முடிவு கட்டிவிட்டார்கள். நான் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். வழக்கம்போல வாயைத் திறக்கவில்லை.

நினைவிருக்கிறதா அந்தப் பகல்? வெளியே ஜூலை வெயில். நாம் இருவரும் காரிலிருந்து இறங்கும்போதே கம்பளிக் குல்லாய், இரட்டைக் கையுறை, பனிக்காலணி எல்லாம் போட்டுக்கொண்டு, வியர்வை ஒழுக அந்தப் பெரிய கதவின் முன்னால் நின்றோம். கிடங்கு மேனேஜர் உம் ஊர்ப்பக்கம் என்பதால் சிரித்துக்கொண்டே உள்ளே விட்டார். மைனஸ் பதினெட்டு. இருபுறமும் கூரைவரை கோழிப் பெட்டிகள். நடுவே நாம் பூட்ஸைத் தேய்த்துத் தேய்த்து நடந்து பார்த்தோம். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்த நேபாளிப் பையன், நீமா, வண்டியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்து, எத்தனை பெட்டி வேண்டும் என்று கேட்டான்.

“அரே சாப், கித்னா கார்ட்டன் சாஹியே?”

“கார்ட்டன் நஹி பாய்” என்று உம்முடைய நெல்லை இந்தியில் நீர் முழங்கினீர். “ஹம் ஹிமாலயா ஜாத்தா ஹை. யே பிராக்டிஸ்!”

அவன் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துச் சிரித்தான். பிறகு, “தண்ட் இதர் பீ ஹை, உதர் பீ ஹை. ஹவா இதர் ஃபுல், உதர் மாஃபி” என்றான். குளிர் இரண்டு இடத்திலும் உண்டு. காற்றுதான் அங்கே கிடையாது என்று அர்த்தம்.

“கேட்டீராவே? காத்து இல்லையாம்லா. அதுக்கு என்ன பிளான் வச்சிருக்கீரு?”

“பனிக்கு முன்னாடி கேரேங்கிற ஊர்ல ஒரு நாள் கூடுதலாத் தங்கணும். உடம்பு உயரத்துக்குப் பழகணும்” என்றேன். உதடு நடுங்கியது.

“இந்தக் கோழியளும்தான் எத்தன நாளா பழகுது. எதாச்சும் எந்திச்சுதா, பாரும்.”

நீமாவின் அண்ணன்தான் இப்போது நமக்குச் செய்தி அனுப்பியிருக்கும் கைடு. அப்படித்தான் அவர் நமக்குக் கிடைத்தார்.

அந்தக் கூடுதல் நாளுக்காக நாம் போட்ட சண்டை கொஞ்சமா? நான் பிளானிங் இன்ஜினியர். ரிஃபைனரியைப் பழுது பார்க்க நிறுத்தும்போது எந்த வேலைக்குப் பின் எந்த வேலை என்று அட்டவணை போடுகிறவன். நீர் சைட்டில் நின்று அதைச் செய்து முடிக்கிறவர். எந்த அட்டவணையிலும் நான் கொஞ்சம் இடைவெளி விடுவேன். ஏதாவது தவறினால் தாங்கிக்கொள்ள. அதற்கு எங்கள் தொழிலில் ஃப்ளோட் என்று பெயர். மேரா அட்டவணையிலும் கடைசி ஊரான கேரேயில், பனிக்குள் கால் வைப்பதற்கு முன், ஒரு முழு நாள் விட்டிருந்தேன்.

“உம்ம பயத்துக்கு இங்கிலீஷ்ல வச்ச பேருதாம்வே ஃப்ளோட்டு” என்பீர். “பிளானிங்காரன் பேப்பர்லயே ரிஃபைனரி கட்டிருவான். நீரு பிளான் போட்டே செத்துருவீரு, பாரும்.”

நான் சிரிப்பேன். பயம்தான் என்று எனக்கும் தெரியும். இருந்தாலும் அந்த நாளை அழித்ததில்லை.

இன்று இந்தக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஒன்றைக் கேட்கிறேன். தள்ளிப் போட்டது யார், ஓய்? நானா?

ஈத் லீவிலேயே போய்விடலாம் என்றது நீர். கம்பெனியே மூடியிருக்கும், மேனேஜரிடம் கெஞ்ச வேண்டியதில்லை, முன்னும் பின்னும் கொஞ்சம் லீவு சேர்த்தால் போதும் என்றீர். சரியான யோசனைதான். முதல் வருடம் ஈத் மே மாதத் தொடக்கத்தில் வந்தது. மலைக்கு அதைவிட நல்ல காலம் கிடையாது. நான் எல்லாம் தயார் செய்து வைத்தேன். உம் மகள் கல்யாணம் நிச்சயமானது. அடுத்த வருடம் சைட்டில் ஆள் இல்லை என்று நீரே பெருநாள் டூட்டிக்குப் பெயர் கொடுத்தீர். அதற்கடுத்த வருடம் உம் முழங்கால் வலி. ஈத் பிறைக் கணக்கில் வருவது. ஒவ்வொரு வருடமும் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகரும். மே ஏப்ரலாகி, ஏப்ரல் மார்ச்சாகி, பெருநாள் மெல்ல மெல்லப் பனிக்காலத்துக்குள் போய்விட்டது. வளைகுடாவில் இத்தனை வருடம் இருந்த இரண்டு பேர், மலையின் பருவத்தை விட்டுவிட்டுப் பிறையின் பின்னால் போய்க்கொண்டிருந்தோம். “அடுத்த பெருநாளுக்குக் கண்டிப்பாவே” என்று ஒவ்வொரு முறையும் சொன்னது நீர். ஒவ்வொரு முறையும் புதிதாக அட்டவணை போட்டது நான்.

மாடிப்படிப் பயிற்சியும் அப்படித்தான். கடல்மட்டத்தில் தட்டையாகக் கிடக்கும் இந்த ஊரில் மலைக்கு எங்கே போவது? ஏசி இல்லாத அந்தப் படிக்கட்டில், முதுகுப்பையில் பாஸ்மதி அரிசி மூட்டைகளோடு மொட்டைமாடி வரை ஏறி இறங்குவோம். கட்டடத்தின் வாட்ச்மேனான வங்காளதேசத்துக்காரர் லிஃப்ட் பழுதா என்று தினமும் ஒரே கேள்வி கேட்பார்: “லிஃப்ட் கராப் ஹை, சாப்?” நான் ஒரு மூட்டை வைத்தால் நீர் இரண்டு வைப்பீர். முன்னால் ஏறுவீர். “ஏறும்வே! ஏறும்!” என்று உம் குரல் சுவரெல்லாம் மோதும்.

நான்காவது மாடித் திருப்பத்தில் மட்டும் நின்றுவிடுவீர். “லேஸ் அவுந்துட்டுவே” என்று சொல்லிக் குனிவீர். லேஸ் ஒரு நாளும் அவிழ்ந்திருந்ததில்லை. உம் முதுகு ஏறி இறங்குவதைப் பார்த்திருக்கிறேன். அங்கே சுவரில் ஒரு தீயணைப்பு சிலிண்டர் மாட்டியிருக்கும். நீர் எழுந்திருக்கும்வரை அதன் லேபிளை, அன்றுதான் முதன்முதலாகப் பார்ப்பவன்போல, வாசித்துக்கொண்டு நிற்பேன். நான் கண்டுகொண்டது உமக்குத் தெரியும். தெரியாததுபோல இருவரும் மேலே ஏறுவோம். உமக்கு அப்போதே நோய் தொடங்கியிருந்ததா என்று பிற்பாடு டாக்டரிடம் கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

கடைசியாக, சிகிச்சைக்கென்று ஊருக்குப் போயிருந்த நீர் திருநெல்வேலி ஆஸ்பத்திரியிலிருந்து வீடியோவில் வந்தீர். முகம் பாதியாகியிருந்தது. இங்கே பெருநாள் ஜவுளிக் கூட்டம். கார் நிறுத்த இடம் இல்லாமல் வண்டிக்குள் உட்கார்ந்தே பேசினேன்.

“ஈத் எப்பவே?”

“அடுத்த வாரம்.”

“இந்த வருஷமும் போச்சுல்லா.” கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டீர். “நான் இல்லைன்னா நீரு போவீரா?”

“தெரியலை” என்றேன்.

“போகமாட்டீரு. எனக்குத் தெரியும்வே.”

சிரித்தீர். அல்லது இருமினீர். நர்ஸ் வந்து போனை வாங்கிவிட்டாள். பெருநாள் முடிந்து கம்பெனி திறந்த அன்று செய்தி வந்தது.

அந்த ‘போகமாட்டீர்’ என்னை உசுப்பிவிடச் சொன்னதா, மனதார நம்பியே சொன்னதா? இதை நான் என் முறைப்படி எல்லாப் பக்கமும் வைத்துப் பார்த்துவிட்டேன். மாதக்கணக்கில் பார்த்தேன். எனக்கு விடை கிடைக்கவில்லை. இனி எனக்கு அது தேவையும் இல்லை.

போன வாரம் கைடின் செய்தி வந்தது முதல் எல்லோரும் ‘வேண்டாம்’ என்கிறார்கள். கனடாவிலிருந்து மகன், “அப்பா, ஆர் யூ சீரியஸ்? உங்களுக்கு அறுபத்து மூணு. அங்கிள் இருந்தா சரி, அவர் பார்த்துப்பார். நீங்க தனியா?” என்றான். அவன் இங்கே பிறந்து வளர்ந்தவன். பஹ்ரைன் பாலத்தைக் கடக்கவே நான் மூன்று முறை பாஸ்போர்ட்டைத் தடவிப் பார்ப்பதைப் பின்சீட்டிலிருந்து பார்த்தவன். அவனைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனாலும் “அங்கிள்தான் என்னைப் பார்த்துக்கிட்டார்னு உனக்கு யாருடா சொன்னது?” என்று கேட்டுவிட்டேன். சென்னையில் இருக்கும் என் மனைவி மட்டும், “அங்க போன் கிடைக்குமா?” என்று கேட்டாள். “ஒரு இடம் வரைக்கும் கிடைக்கும்” என்றேன். “சரி, அந்த இடத்துலேர்ந்து பண்ணுங்க” என்றாள்.

லீவு கேட்க மேனேஜர் அறைவரை போய் இரண்டு முறை திரும்பி வந்து, மூன்றாம் முறைதான் கதவைத் தட்டினேன். அதை மறைக்க மாட்டேன். “ஹபீபி, அக்டோபர் ஷட்டவுன். லீவு மாஃபி. ஈத்துக்குப் போ” என்றார் அந்த ஜோர்டான்காரர். ஈத்துக்குப் போ! வேறு எதைச் சொல்லியிருந்தாலும் தலையாட்டிவிட்டு வந்திருப்பேன். “ஈத் வேண்டாம். லீவு இல்லையென்றால் எக்ஸிட் அடித்துவிடுங்கள். கலாஸ்” என்றேன். வேலையை முடித்துக்கொண்டு ஒரேயடியாக ஊருக்குப் போகிறேன், அவ்வளவுதான் என்று அர்த்தம். இந்த நாட்டில் இத்தனை வருடத்தில் ‘கலாஸ்’ என்பது என் காதில் விழுந்த சொல். என் வாயிலிருந்து வந்தது அதுவே முதல் முறை. அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “நீயா? ஹிமாலயாவா?” என்றார். அட்டவணையை முன்கூட்டியே முடித்துக் கொடுத்துவிட்டுப் போ என்று கையெழுத்துப் போட்டார்.

உம் வீட்டம்மாவிடம் பேசியதுதான் கஷ்டம். விஷயம் கேள்விப்பட்டுப் போன் செய்தார்கள். “அண்ணாச்சி, அவுக போட்டோவ அந்த உச்சியில வச்சிட்டு வாங்க. அவுகளும் ஏறுனமாதிரி இருக்கும்லா” என்றார்கள். இங்கே தமிழ்ச் சங்கத்துக்காரர்களும் உம் படம் போட்ட பேனர் ஒன்று அடித்துத் தருகிறோம் என்றார்கள். அவர்களுக்கு மறுப்புச் சொல்வது சுலபமாக இருந்தது. உம் வீட்டம்மாவிடம் சொல்வது அப்படி இல்லை.

“முடியாதும்மா” என்றேன் கடைசியில். “படத்தை வெச்சா அவர் ஏறின மாதிரி ஆயிடும். அவர் ஏறலையே. அவர் விட்டதுக்குப் பதிலா நான் போகலை. நான் போகணும்னு போறேன்.”

அழப்போகிறார்கள் என்று நினைத்தேன். “அவுக கேட்டிருந்தா ‘பாருடி, பிளானிங்காரனுக்கு வாய் வந்துட்டு’ன்னு சொல்லியிருப்பாக” என்றார்கள். குரலில் சிரிப்பும் இருந்தது. ஆரஞ்சு ஜாக்கெட்டை என்ன செய்ய என்று கேட்டேன். யாருக்காவது ஆகுமென்றால் கொடுத்துவிடச் சொன்னார்கள். நீமாவின் கோட்டு தோளில் கிழிந்திருந்தது எனக்கு நினைவு வந்தது. நாளை கொண்டுபோய்க் கொடுக்கிறேன். உம் ஜாக்கெட் மறுபடியும் கோழிகளிடமே போகிறது, ஓய். கோபித்துக்கொள்ளாதீர்.

மேலே போய்ச் சேர்வேனா என்று எனக்குத் தெரியாது. அந்தக் கடைசிப் பனி மேட்டில், கயிற்றைப் பிடித்துக்கொண்டு, இந்த வயதில் என் நுரையீரல் என்ன சொல்லும் என்று யாராலும் அட்டவணை போட முடியாது. கைடு ‘திரும்பு’ என்றால் திரும்பிவிடுவேன். அதற்கு வெட்கப்படவும் மாட்டேன். ஆனால் போவேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே நடுவில் எழுந்து காட்மாண்டுவுக்குப் பதில் அனுப்பிவிட்டேன். உம் செய்தியை ஒரு வரியில் எழுதினேன். அடுத்த வரியில், ‘ஒருவர்’. அதற்கடுத்து, கேரேயில் அந்தக் கூடுதல் நாள் அப்படியே இருக்க வேண்டும், எக்காரணத்தாலும் குறைக்கக் கூடாது. உமக்கு அது பயம். எனக்கு அது நான் மலைக்குப் போகும் விதம்.

அனுப்பிய கையோடு பையை மாட்டிக்கொண்டு படிக்கட்டுக்குப் போனேன். இரண்டு மூட்டை அரிசி. “லிஃப்ட் கராப் ஹை, சாப்?” என்றார் வாட்ச்மேன். “லிஃப்ட் அச்சா ஹை பாய்” என்று சொல்லிவிட்டு ஏறினேன். நான்காவது மாடித் திருப்பத்தில் கால் தானாக நின்றது. சிலிண்டரின் லேபிளைப் பார்த்தேன். காலாவதித் தேதி தாண்டியிருந்தது. நீர் இருந்தால் என்னையும் சேர்த்துச் சொல்லியிருப்பீர். நெஞ்சு தம்பட்டம் அடித்தது. பையோடு குனிந்து, அவிழாத லேஸை அவிழ்த்து, மறுபடி இறுக்கிக் கட்டினேன். அவ்வளவு நேரத்தில் மூச்சு திரும்பிவிட்டது. எவ்வளவு நல்ல ஏற்பாடு அது! என் ஃப்ளோட்டைக் கேலி செய்துகொண்டே தினமும் ஒன்றை நீர் காலில் கட்டி வைத்திருந்தீர்.

படம் எடுத்துப்போகவில்லை. பேனர் எடுத்துப்போகவில்லை. இது ஒன்றைத்தான் உம்மிடமிருந்து எடுத்துப்போகிறேன்: மூச்சு முட்டும் இடத்தில் குனிந்து, கட்டியதையே மறுபடி கட்டி, எழுந்து ஏறுவது.

போகமாட்டீர் என்றீர்.

பாரும், ஓய்.