நிலாவின் விண்ணப்பம்

செஞ்சி, கடைத்தெரு
ஆவணி 14, ஞாயிற்றுக்கிழமை

அன்புத் தங்கை மீனாம்பாளுக்கு,

உன் கூடப் பிறக்காத அக்கா சுந்தராம்பாள் எழுதுவது. உடம்பு எப்படி இருக்கிறது? குவைத்தில் வெயில் இன்னும் அடங்கவில்லை என்று ரஹமத் சொன்னான். அந்த வீட்டுச் சமையற்கட்டில் நின்று நின்று கால் வீங்கிக் கிடக்கிறது என்றாயே, இப்போது தேவலையா?

ரஹமத் யாரென்று மறந்திருப்பாய். எதிரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிற யாசரின் மச்சான். லீவு முடிந்து செவ்வாய்க்கிழமை அங்கே வர விமானம் ஏறுகிறான். வியாழக்கிழமைக்குள் உன் கையில் சேர்த்துவிடுகிறேன் என்று சொல்லித்தான் இதை வாங்கிக்கொள்கிறான். போனில் சொன்னால் ஆகாதா என்று நீ கேட்பாய். நாலு வெள்ளிக்கிழமை நீ கூப்பிட்டாய். நாலு தடவையும் மழையைப் பற்றிப் பேசிவிட்டு வைத்தவள் நான். உன் குரலைக் கேட்டால் எனக்கு வாய் எழவில்லை. முப்பத்தைந்து வருஷம் பத்து விரலால் தட்டிப் பழகிய கை, பேனா பிடிக்க மறந்துவிட்டது. கோழிக் கிறுக்கலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

இங்கே நல்ல மழை. சிங்கவரத்தில் உன் அண்ணன் தனகோட்டி கடலை பிடுங்கிவிட்டார். உன் அண்ணி உன் மகள் நிலாவை நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறாள், அதில் குறை சொல்ல முடியாது. நிலா ஜவுளிக்கடை வேலைக்குச் சைக்கிளில் வந்து போகிறாள். அனந்தபுரத்து மாப்பிள்ளை வீட்டார் வரும் ஞாயிறு தட்டு மாற்ற வருகிறார்களாம். நீயே சம்மதம் சொல்லிவிட்டாயாம். "மார்க் வாங்காத கழுதைக்கு இன்னாத்துக்குப் படிப்பு, கட்டிக் குடுத்துடு" என்று நீ சொன்னதாகத் தனகோட்டி கடைக்கு வந்து சொன்னார். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

மீனா, நிலாவுக்கு மார்க் பத்தாமல் போகவில்லை. அவள் நர்சிங் விண்ணப்பம் போய்ச் சேரவே இல்லை. அதைச் சேர்க்காமல் விட்ட பாவி நான்.

முழுக்கச் சொல்கிறேன். பாதியில் கிழித்துப் போட்டுவிடாதே.

என் டைப்பிங் கடையில் இருந்த பழைய கம்ப்யூட்டர் உனக்குத் தெரியும். உன் பாஸ்போர்ட்டுக்கே அதில்தான் மனு போட்டோம். அது விண்டோஸ் ஏழாம் நம்பர் சிஸ்டம். சித்திரை மாதத்தில் மனு போடுகிற வலைத்தளம் ஒன்றுகூட அதில் திறக்கவில்லை. காலாவதியாகிவிட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்றார்கள். விழுப்புரம் போய்ப் புதிது வாங்கி வந்தேன். அதில் பதினொன்றாம் நம்பர். ஏழாம் வகுப்புப் பிள்ளையைத் தூக்கிப் பதினொன்றாம் வகுப்பில் உட்காரவைத்தால் எப்படி முழிக்கும், அப்படி முழித்தேன். இடது மூலையில் இருந்த பொத்தான் நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டது. என் கை பழக்கத்தில் மூலைக்கே போகும். அங்கே தட்டினால் செஞ்சியில் இன்றைக்கு இத்தனை டிகிரி வெயில் என்று காட்டும். ஏன், வெயில் எனக்குத் தெரியாதா? காலையில் திறந்தால் நாலு எண் கேட்கும். சேமித்துவைத்த மனு எங்கே போய் ஒளிந்தது என்று தேடியே அரை நாள் போகும்.

யாசர் நல்ல பிள்ளை. "அம்மா, நான் வந்து ஒரு மணி நேரம் சொல்லிக் குடுக்கட்டா?" என்று வலிய வந்து கேட்டான். போடா, நீ பிறப்பதற்கு முன்னால் டைப்பில் ஹையர் பாஸ் பண்ணியவள் நான் என்று விரட்டிவிட்டேன். அந்தக் கொழுப்புதான் எல்லாவற்றுக்கும் காரணம்.

கடைசி நாளில் வலைத்தளம் நகராது என்பது எங்கள் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். அதற்கு நான் ஒரு வழி வைத்திருந்தேன். எல்லாவற்றையும் நிரப்பிக் கடைசிப் பக்கத்தை அப்படியே திறந்து வைத்துவிட்டு, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு, கூட்டம் அடங்குகிற மூன்றரை மணிக்கு வந்து ஒரே தட்டு. பழைய பெட்டி நான் வரும்வரை அசையாமல் காத்திருக்கும். இத்தனை வருஷத்தில் ஒரு பிள்ளையின் மனுவும் தவறியதில்லை.

நிலாவுக்குச் சாதிச் சான்றிதழ் கடைசி நாள் காலையில்தான் கைக்கு வந்தது. ஐந்து மணிவரை நேரம் இருந்தது. வழக்கம்போல நிரப்பிவிட்டுப் போய், மூன்றரைக்கு வந்து உட்கார்ந்தேன். பக்கத்தில் நிலா. திரையின் மூலையில் ஏதோ அறிவிப்பு, இரண்டு கட்டம். பழையதில் அப்படி வந்தால் முதல் கட்டத்தைத் தட்டினால் போய்விடும். படிக்காமலே தட்டினேன். இதிலோ, இப்போதே அணைந்து மறுபடி தொடங்கு என்பதுதான் முதல் கட்டமாம். திறந்திருந்த பக்கமெல்லாம் போய்த் திரை கறுத்துவிட்டது. ஒரு வட்டம் சுற்றியது. புதுப்பிக்கிறது, அணைக்கக் கூடாது என்று எழுதி, சதவீதம் ஓடியது. பத்து, இருபது, முப்பது. முப்பதில் நின்றுவிட்டது.

நாலு மணிக்கு நிலா மெதுவாகக் கேட்டாள், "பெரிம்மா, யாசர் அண்ணன் கடைல போட்டுட்டு வந்துடட்டா?" என்று. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இருடி, இதோ வந்துடும். என் கடைக்கு வந்த மனு எதிர்க்கடைக்குப் போனதா சரித்திரமே இல்ல." நாலே காலுக்கு மறுபடி கேட்டாள். "இன்னாடி டென்ஷன் உனக்கு, உக்காரு" என்று அதட்டினேன். உட்கார்ந்துவிட்டாள். பெரியவர்கள் பேச்சைத் தட்டாத பெண்ணாக நீ வளர்த்திருக்கிறாய். தெருவைத் தாண்ட இருபது அடி. அந்த இருபது அடியை நான்தான் மறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நாலே முக்காலுக்குத் திரை வந்தது. நாலு எண் கேட்டது. அவசரத்தில் இரண்டு தடவை தப்பாகப் போட்டேன். பிறகு அதைக் கேட்டது, இதைக் கேட்டது. வலைத்தளம் திறந்தபோது ஐந்து மணி மூன்று நிமிஷம். விண்ணப்பிக்கும் காலம் முடிந்தது என்று ஒரே ஒரு வரி.

நான்தான் அழுதேன். அவள் அழவில்லை. "பெரிம்மா, யார்கிட்டயும் சொல்லாதீங்க. தெரிஞ்சா உங்க கடைக்கு ஒருத்தரும் வரமாட்டாங்க. மார்க் பத்தலன்னு அம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்றாள். பதினெட்டு வயசுப் பெண் சொல்கிற பேச்சா அது! அந்த நேரத்தில் நான் அவள் வாயைப் பொத்தியிருக்க வேண்டும். மாட்டேன்டி, உன் அம்மாவிடம் நானே சொல்கிறேன் என்றிருக்க வேண்டும். "சரிடி கண்ணு" என்றேன். என் பெயர் கெடாமல் இருக்க அவள் பெயரைக் கெடுத்துக்கொள்ளச் சம்மதித்தேன்.

நீ அவளிடம் சரியாகப் பேசி ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறதாம். அவள் போனை எடுத்தால், மாமன் கையில் கொடு என்கிறாயாம். ஒரு நாளும் அவள் என்னிடம் குறை சொன்னதில்லை. நேற்றுச் சாயங்காலம் நிச்சயதார்த்தப் புடவையைக் காட்டக் கடைக்கு வந்தாள். "கலர் நல்லா இருக்குதா பெரிம்மா?" என்று கேட்டாள். அப்போது பிளஸ் டூ படிக்கிற பெண் ஒருத்தி வந்து நர்சிங் படிக்க என்னென்ன வேண்டும் என்று விசாரித்தாள். நான் வாய் திறப்பதற்குள் நிலா ஒன்று விடாமல் சொன்னாள். "சாதிச் சான்றிதழ மட்டும் முன்னாடியே வாங்கி வச்சுக்கோ" என்றாள். பிறகு புடவையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். நான் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அழுதேன்.

இன்று காலை சிங்கவரம் போய்த் தனகோட்டியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணியும் கேட்டுக்கொண்டிருந்தாள். "தட்டு மாத்தறதுன்னு பேசிட்டோம். பெத்தவ சொன்னா நிறுத்தறேன். நீங்க சொல்லி நிறுத்த முடியாது" என்றார். அவர் சொல்வதும் நியாயம்தானே. அடுத்த வருஷம் இதே மார்க்கை வைத்து மறுபடி மனு போடலாம் என்று விசாரித்துவிட்டேன். அவள் வாங்கியது அறுநூற்றுக்கு ஐந்நூற்று அறுபத்தொன்று. உனக்கு அந்த எண்ணைக்கூட அவள் சரியாகச் சொல்லியிருக்க மாட்டாள். மனுவை யாசர் கடையில் போடட்டும். நான் பக்கத்தில்கூட நிற்க மாட்டேன்.

என்னை மன்னிக்கச் சொல்லி இதை எழுதவில்லை. ஊரில் யாரிடம் வேண்டுமானாலும் சொல். இனி என் முகத்தில் விழிக்காவிட்டாலும் சரி. வெள்ளிக்கிழமை உனக்குக் கிடைக்கிற பத்து நிமிஷத்தில் என்னைத் திட்ட ஒரு நிமிஷமும் செலவழிக்காதே. அண்ணனிடம் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, போனை நிலாவிடம் கொடுக்கச் சொல். அவள் மறுபடியும் அதே பொய்யைத்தான் சொல்வாள், எனக்காக. அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்துவிடாதே, தாயே. உன் மார்க் பத்தும்டி என்று நீ அவளிடம் சொல்.

உன் கால் வலி தீர்ந்து, உன் மகள் தலை நிமிர்ந்து நிற்பதை நீ கண்ணால் பார்க்க வேண்டும் என்று அந்தச் சிங்கவரம் ரங்கநாதரை வேண்டிக்கொண்டு,

உன் அக்கா என்று சொல்லிக்கொள்ளக் கூசும்
சுந்தராம்பாள்