உறையாத தட்டுகள்

மார்ச் 4

சோப்புப் போட்டுக் கழுவியும் கையில் அழுகல் நாற்றம் போகவில்லை. கடல் சேற்றிலிருந்து எடுத்த கிருமிகளை ஆய்வகத்தில் ஒரு காற்றில்லாப் பெட்டிக்குள் வளர்க்கிறோம். கடற்பாசியின் கெட்டிச் சர்க்கரையை, மூச்சுக்குக் காற்றே இல்லாமல் தின்று செரிக்கும் ஒன்று வேண்டும். மாதக்கணக்கில் தேடியும் அகப்படவில்லை. இன்று பெட்டியின் ரப்பர் கையுறைக்குள் கைவிட்டுத் தட்டுகளைத் தூக்கினால் எல்லாம் கொழகொழ, நடுவில் தண்ணீர்.

வளர்ப்புக்கூழைக் காய்ச்சித் தட்டில் ஊற்றுவது அண்ணி. என் சொந்த அண்ணிதான், வேலை வாங்கிக் கொடுத்ததும் நான்தான். எல்லோர் முன்னாலும் கத்திவிட்டேன். "ஒரு கூழ உறைய வைக்கத் தெரியலன்னா எதுக்கு அண்ணி இங்க வர்றீங்க?"

கணக்கர் களுக்கென்று சிரித்தார். அண்ணி தட்டுகளை வாரிக்கொண்டு போய், கிருமிகளை ஆவியில் கொல்லும் ஆட்டோகிளேவில் போட்டு வேகவைத்துவிட்டார்.

மார்ச் 5

ஆய்வகத் தலைவர் காதுக்குப் போய்விட்டது. "சொந்தக்காரங்கன்னு விட்டுடுவீங்களா?" என்றார். இல்லை என்று காட்டுவதற்காகவே அண்ணி மேல் புகார் எழுதிக் கொடுத்தேன். நேர்மையாம்!

மார்ச் 9

அண்ணியின் தற்காலிக வேலை இந்த மாதத்தோடு சரியாம். அண்ணன் என் போனை எடுக்கவில்லை.

மார்ச் 14

அண்ணன் மகளுக்குப் பிறந்தநாள். போகாவிட்டால் பேச்சு வரும், போனால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது? போனேன்.

அண்ணி ஒரு கிண்ணத்தில் ஆரஞ்சு ஜெல்லி கொண்டுவந்து முன்னால் வைத்தார். கவிழ்த்தாலும் அசையாது, அப்படி உறைந்திருந்தது. "சாப்பிடு. வீட்டுல நான் காய்ச்சுனா உறையுது. அங்கதான் உறையல. ரெண்டும் கடற்பாசிதான்."

குத்திக்காட்டத்தான் சொன்னார். எனக்குக் கரண்டி பாதியில் நின்றுவிட்டது. கூழ் உறைவதற்கு நாங்கள் போடும் அகரும் கடற்பாசிச் சர்க்கரைதானே? அதை எந்தக் கிருமியும் தொடாது என்று நினைத்தே பழகிவிட்டோம். அந்தத் தட்டுகள் உறையாமல் இல்லை — உறைந்ததை ஏதோ தின்றிருக்கிறது, காற்றில்லாத பெட்டிக்குள்! வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேன். அதையும் வேகவைக்க விட்டு, அண்ணியையும் திட்டி...

அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். தலைவலி என்று சொல்லிவிட்டுக் கிளம்பி வந்துவிட்டேன். சீ.

மார்ச் 16

நல்லவேளை, மூலப்புட்டியில் கொஞ்சம் சேறு மிச்சம் இருந்தது. பாதித் தட்டுகளில் தடவினேன், பாதியைச் சும்மா விட்டேன். கூழ் ஊற்றியது அண்ணிதான். என் பக்கம் திரும்பவே இல்லை.

மார்ச் 17

அண்ணியிடம் இன்றும் சொல்லவில்லை. முதலில் உறுதியாகட்டும் என்று எனக்கே சமாதானம் சொல்கிறேன். பொய். பயம்தான்.

மார்ச் 25

சேறு படாத தட்டுகள் கல் மாதிரி இருக்கின்றன. தடவியவற்றில் குழி குழியாக இறங்கி, தண்ணீர் விட்டிருக்கிறது. கொண்டுபோய்க் காட்டியதும் தலைவர் எழுந்து நின்று கைகொடுத்தார்.

"அண்ணி மேல தப்பே இல்ல சார். நான் குடுத்த புகார்தான் தப்பு."

"அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்மா."

"இல்ல சார், இப்பவே."

புகாரைக் கிழித்துப் போட்டார். அண்ணியின் வேலை நிற்காது. விஷயம் வெளியே தெரியாமல் முடிந்ததே என்று ஒரு நிம்மதி வந்தது பார், அந்த நிம்மதியை நினைத்தால்தான் இப்போது கூசுகிறது.

மார்ச் 26

அண்ணியைப் பெட்டியருகே கூப்பிட்டு, கையுறைக்குள் கைவிட்டு ஒரு தட்டைத் தூக்கிக் காட்டினேன். கண்ணாடி வழியாகக் குனிந்து பார்த்தார். "இதுவும் உறையலையா?"

"உறைஞ்சுது அண்ணி. கிருமி தின்னுடுச்சு. அன்னைக்கும் இதேதான் நடந்திருக்கு. நான்தான் புரியாம கத்திட்டேன், மன்னிச்சிடுங்க. தலைவர்கிட்ட சொல்லிட்டேன், வேலை போகாது."

"அவர்கிட்ட மட்டுமா?"

"ஆமா."

அண்ணி நிமிர்ந்தார். "நீ திட்டுனப்ப எல்லாரும் இருந்தாங்களே."

கையுறையிலிருந்து கைகளை உருவிக்கொண்டேன். வியர்வையில் ஒட்டிக்கொண்டு வரவே மாட்டேன் என்றன. கதவைத் திறந்து எல்லோரையும் கூப்பிட்டேன். ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். கணக்கரை நானே போய் அழைத்து வந்தேன்.