உன் சுவரின் நிறம் பற்றி

அன்பு வாலுக்கு,

இங்கே அம்மாவும் நானும் சுகமாக இருக்கிறோம். நீ சுகமாக இருப்பதை இப்போதெல்லாம் அம்மா சொல்லித்தான் தெரிந்துகொள்கிறேன், உன் வாயால் கேட்க ஆசை. அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, மாடிப்படியை மட்டும் திட்டிக்கொண்டே ஏறுகிறாள். குளியலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது, நானே சரிசெய்கிறேன் என்று கை வைத்தேன், இப்போது நன்றாக ஒழுகுகிறது. மாடி வீட்டுக்காரர் பூனை வளர்க்கிறார், பூனைதான் அவரை வளர்ப்பதாக அம்மா சொல்கிறாள். சரி, சுற்றி வளைப்பானேன், எழுத உட்கார்ந்த விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் அம்மாவுக்குப் புது அலமாரியைக் காட்டிக்கொண்டிருந்தாய். நான் தலையைத் துவட்டிக்கொண்டே அறைக்குள் வந்தேன், உடனே படம் உன் வீட்டுக் கூரைக்குப் போய்விட்டது. சாப்டீங்களாப்பா என்று கேட்டாய், சாப்பிட்டேன் என்றேன், அதோடு சரி. மூன்று வாரமாக நம் பேச்சு இவ்வளவுதான். காரணம் எனக்குத் தெரியாமல் இல்லை. கூடத்துச் சுவருக்குக் கரும்பச்சை அடித்துப் படம் அனுப்பி, எப்படிப்பா இருக்கு என்று ஆசையாகக் கேட்டாய். நான், பாசி பிடிச்ச தொட்டி மாதிரி இருக்கு, கண்ணைத் தொறந்துக்கிட்டுதான் வாங்கினியா, எவன் அடிச்சான் இதை என்று கேட்டேன். இரண்டு நாள் லீவு போட்டு நீயே ஏணி ஏறி அடித்தாய் என்று அம்மா சொன்னபோது எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

இத்தனைக்கும் முப்பது வருஷமாக மூக்குக்கண்ணாடிக் கடையில் நிற்கிறவன் நான். புது பிரேமைப் போட்டுப் பார்க்க வேண்டுமானால் பழைய கண்ணாடியைக் கழற்றியாக வேண்டும், கழற்றினால் பவர் அதிகமுள்ளவர்களுக்கு எதிரே மாட்டியிருக்கிற கண்ணாடியில் தங்கள் முகமே சரியாகத் தெரியாது. நம் முகத்தைப் பார்த்துத்தான் கேட்பார்கள், எப்படிங்க இருக்கு என்று. அந்த இடத்தில் நல்லா இல்லை என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. இதுவும் சரிதாங்க, இதையும் ஒரு தடவை போட்டுப் பாருங்களேன் என்று இன்னொன்றை நீட்டுவேன். ஊருக்குத்தான் உபதேசம் என்று அம்மா சொல்வது சும்மா இல்லை.

போன வியாழக்கிழமை ஒரு தையல்கார அம்மா வந்தார், அறுபது வயதிருக்கும். மிளகாய்ப்பழச் சிவப்பில் ஒரு பிரேமை எடுத்து, இதுதான் வேணும் என்றார். சின்னப் பெண்களுக்காக வாங்கி வைத்து யாரும் சீந்தாத பிரேம் அது. நான் வழக்கம்போலப் பழுப்பில் ஒன்றை நீட்டி, இது உங்க முகத்துக்கு எடுப்பா இருக்கும்மா என்றேன். அவர் சிரித்தார். முகத்துக்கு எடுப்பா இருந்து என்னங்க பண்றது, காலையில எழுந்ததும் கைக்குக் கிடைக்கணுமே, துணிக் குவியலுக்குள்ள பழுப்புக் கண்ணாடியை வச்சா கண்ணாடியைத் தேட இன்னொரு கண்ணாடி வேணும், சிவப்புன்னா மங்கலாவாவது தெரியும் என்றார். நீட்டிய பழுப்பைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தேன். எத்தனை பேருக்கு இப்படி நயமாகப் பேசிப் பழுப்பைத் தலையில் கட்டியிருப்பேன். தேனொழுகப் பேசினேனே தவிர, இது ஏன் உங்களுக்குப் பிடிச்சிருக்கு என்று ஒருத்தரையும் கேட்டதில்லையே.

அன்றிலிருந்து எனக்கு இதே வேலையாகப் போயிற்று. லென்ஸ் தேய்க்கிறவரிடம், ஏன் சார் டீயை ஆறவைத்தே குடிக்கிறீர்கள் என்று கேட்டேன். சூடாகக் குடித்தால் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறதாம், தீர்ந்தால் எழுந்து வேலைக்குப் போக வேண்டுமாம். உன் மாமாவிடம், எங்கே போனாலும் மாட்டிக்கொண்டு வருகிறாரே, அந்தக் கட்டம் போட்ட சட்டையைப் பற்றிக் கேட்டேன், பத்து நிமிஷம் யோசித்துவிட்டு, பிடிச்சிருக்கு மச்சான், அவ்வளவுதான் என்றார். அதுவும் ஒரு பதில்தான். அந்தச் சட்டை இன்னும் எனக்குக் கண்ணைக் கூசுகிறது, ஆனால் அவரைப் பார்த்தால் முன்போல எரிச்சல் வரவில்லை.

உன் சுவருக்கு வருகிறேன். பொய் சொன்னால் நீ கண்டுபிடித்துவிடுவாய், அந்த நிறம் எனக்கு இன்றைக்கும் பிடிக்கவில்லை. ஆனால் எனக்குப் பிடிக்கவில்லை என்பது என் சங்கதி, அதைச் சொல்லியிருந்தால் போதும், உன் கண்ணையும் கையையும் பழித்தது தப்பு. நீயும் பிறத்தியார் விஷயத்தில் இதை நினைவில் வைத்துக்கொள், அப்பன் பட்டுத் தெரிந்துகொண்டது. இப்போது நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்கிறேன். அந்தப் பச்சையில் நீ என்ன பார்த்தாய்? காலை வெயில் விழும்போது வேறு மாதிரி ஆகிறதா? வேலை முடிந்து வந்து அதன் எதிரே உட்கார்ந்தால் மனசுக்கு எப்படி இருக்கும்? மாமா சொன்ன பதில்தான் உன் பதிலும் என்றாலும் சரி.

நேற்று இதையெல்லாம் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் ஒன்று சொன்னாள். ஆறாம் வகுப்பில் உன் முதல் கண்ணாடிக்கு நான் தேர்ந்தெடுத்தேனே ஒரு கறுத்த பெரிய பிரேம், அது உனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லையாம். பள்ளிக்கூடத்தில் ஆந்தை என்று கூப்பிட்டார்களாம். அப்பா ஆசையாக எடுத்தது, அவரிடம் சொல்லாதே என்று அம்மாவிடம் சத்தியம் வாங்கினாயாம். கண்ணாடி உடைந்தபோதெல்லாம் அதே மாதிரிதான் வேண்டும் என்று என்னிடம் கேட்டாய், நானும் பெருமையாக எடுத்துக்கொடுத்தேன். ஏழு வருஷம் என் ஆசையை உன் மூக்கில் சுமந்திருக்கிறாய் மகளே, ஒருநாள்கூட முகம் சுளித்ததில்லை. நான் உன் சுவரை ஒரு நிமிஷம் பொறுக்கவில்லை.

நல்லா இரு, நூறு வயது இரு, உனக்குப் பிடித்ததெல்லாம் உன்னைச் சுற்றி இருக்கட்டும். ஏணியில் ஏறும்போது மட்டும் யாரையாவது பிடித்துக்கொள்ளச் சொல். ஞாயிற்றுக்கிழமை அம்மா போனை எடுக்க மாட்டாள், நான்தான் எடுப்பேன்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
அப்பா